ஐம்பது வயதில் சேமநிதி: கணக்கு போட்டுப் பார்ப்போம்

தோட்டத்தில் பால் வெட்டிய தலைமுறைக்குச் சம்பளம் குறைவுதான். ஆனாலும் 1951-இல் ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) சட்டம் வந்தபிறகு, அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து, முதலாளி தன் பங்கையும் சேர்த்துக் கட்டவேண்டியிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பிழைப்பு தேடி நகரத்துக்கு வந்து, கம்போங் மேடான் போன்ற இடங்களில் புறம்போக்கில் வீடு போட்டவர்களின் பிள்ளைகள் இன்று அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். வேன் ஓட்டுகிறார்கள், விடிவதற்குமுன் நாசி லெமாக் பொட்டலம் கட்டுகிறார்கள், பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் பூ தொடுக்கிறார்கள். கைக்கு வரும் காசு அப்பா காலத்தைவிட அதிகம். ஆனால் அப்பாவுக்கு இருந்த இபிஎஃப் இவர்களுக்கு இல்லை. எப்போதோ தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது சேர்ந்த கொஞ்சமும், பலருக்குக் கோவிட் காலத்தில் கரைந்துவிட்டது. அந்த நாட்களில் அரசு அனுமதித்த நான்கு சிறப்பு மீட்புகளில் மலேசியா முழுவதும் 14,500 கோடி வெள்ளி வெளியே போனது.

இப்படிப்பட்ட ஒருவர் ஐம்பது வயதில் மறுபடி சேமநிதியில் போடலாமா என்று கேட்டால், சுற்றியிருப்பவர்கள் சொல்லும் பதில் “இனிமேல் போட்டு என்ன ஆகப்போகிறது?” இந்தப் பதில் தப்பு என்பது என் கட்சி. நிரந்தர வருமானம் இல்லாத சுயதொழில் செய்பவர்களுக்கு இபிஎஃப் ஐ-சாரான் திட்டத்தை வைத்திருக்கிறது. அறுபது வயதுக்கு உட்பட்டவர்கள் தாங்களாகவே பணம் போடலாம். 2025 முதல் போடுகிற தொகைக்கு அரசு 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது. ஆண்டுக்கு உச்சவரம்பு 500 வெள்ளி, ஆயுளுக்கு 5,000. அதாவது ஆண்டுக்கு 2,500 போட்டால் 500 முழுதாகக் கிடைக்கும். ஐம்பதில் தொடங்குகிறவருக்கு அறுபது வரை சரியாகப் பத்து ஆண்டு இருப்பதால் அந்த 5,000-ஐயும் வாங்கிவிடலாம். ஐம்பத்தைந்தில் தொடங்குகிறவருக்குப் பாதிதான் தேறும்.

வட்டிக்கு வட்டி சேர்வதெல்லாம் இருபத்தைந்து வயதுக்காரருக்குத்தான் என்பது உண்மை. அதனாலேயே இந்த 20 விழுக்காடு பிந்தித் தொடங்குகிறவருக்குக் கூடுதல் முக்கியம். அது காலத்தை நம்பி வளர்வதல்ல, அந்தந்த ஆண்டுத் தொகைக்கே கிடைப்பது. ஐம்பத்தெட்டில் 2,500 போட்டவருக்கும் அதே 500 உண்டு. எந்த வங்கியின் வைப்புத்தொகை இதைத் தரும்? இதற்குமேல் ஆண்டு ஈவு வேறு: 2023-க்கு மரபுக் கணக்கில் 5.50, 2024-க்கு 6.30 விழுக்காடு. மரபுக் கணக்குக்கு 2.5 விழுக்காடு குறையாமல் தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

ஆண்டு ஈவை ஐந்து விழுக்காடு என்று அடக்கமாகவே வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டில் கைக்காசு 25,000, அரசின் பங்கு 5,000, ஈவு எல்லாம் சேர்ந்து சுமார் 37,000 வெள்ளி நிற்கும். மீதிக்கு அதே ஈவு சேர்ந்துகொண்டிருக்க, அதைப் பதினைந்து ஆண்டுக்குப் பிரித்து எடுத்தால் மாதம் 300 வெள்ளியை ஒட்டி வரும். இதை ஓய்வூதியம் என்று சொன்னால் இபிஎஃப்காரர்களே சிரிப்பார்கள். அவர்கள் நெடுநாள் சொல்லிவந்த அடிப்படைச் சேமிப்பே 240,000 வெள்ளி. ஆனால் மின்சார பில், தண்ணீர் பில், கைப்பேசி, கிளினிக்கில் தராத ஒரு மருந்து — இவற்றுக்கு மகனிடம் கை நீட்டாமல் இருக்க அந்த 300 போதும். பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்பவர்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் வீட்டுத் தவணையும் பால்மாவுச் செலவும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆண்டுக்கு 2,500 என்றால் நாளுக்கு ஏழு வெள்ளி. ‘தே தாரிக்கை நிறுத்துங்கள்’ என்று உபதேசம் செய்ய எனக்கு விருப்பமில்லை. அப்படிச் சொல்பவர்கள் யாரும் தங்கள் தே தாரிக்கை நிறுத்தியதாகத் தெரியவில்லை. மாதத் தவணை என்ற கட்டாயமே இதில் இல்லை. தீபாவளிக்கு முன் பூ நன்றாக விற்ற வாரத்தில் 300 போடலாம், மழைக்காலத்தில் போடாமல் இருக்கலாம். ஐந்நூறுதான் முடியும் என்றாலும் அதற்கு நூறு சேரும்.

கிரெடிட் கார்டில் பாக்கி வைத்திருப்பவர் முதலில் அதைத்தான் அடைக்கவேண்டும். அதன் வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை போகிறது. ஆலோங் என்ற கந்துவட்டிக்காரரிடம் வாங்கியவருக்கு இந்தக் கட்டுரையே வேண்டாம். அவசரத்துக்கு எடுக்க முடியாதே என்ற கவலை நியாயமானது. ஆனால் 2024 மே மாதத்திலிருந்து, 55 வயதுக்குள் போடுவதில் பத்து விழுக்காடு எப்போதும் எடுக்கக்கூடிய கணக்கில் விழுகிறது. மீதி பூட்டியிருப்பது குறையல்ல. நகை எளிதில் எடுக்கக்கூடியது என்பதால்தான் அது அடகுக்கடையில் முடிகிறது. தங்கம் விலை ஏறியிருப்பதை மறுக்கவில்லை. ஆனால் சங்கிலியாக வாங்கியவருக்குச் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. கூட்டு (சீட்டு) கட்டும் பெண்களுக்கு மாதாமாதம் தவறாமல் போடும் பழக்கம் ஏற்கெனவே கைவந்தது. ஆனால் கூட்டு 1971-லேயே சட்டத்தால் தடை செய்யப்பட்டது. எடுத்தவர் ஓடிவிட்டால் போலீசுக்குப் போகவும் வாய் வராது.

சிறுகச் சேர்ப்பது நமக்குப் புதிதில்லை. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்வெட்டுத் தொழிலாளர்கள் சின்னத் தவணைகளில் பங்கு வாங்கியே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சொந்தமாக்கினார்கள். அன்று சங்கத்து ஆட்கள் தோட்டம் தோட்டமாக வந்து சேர்த்தார்கள். இன்று ஐ-சாரானுக்குப் படிவத்தோடு யாரும் அடுக்குமாடி ஏறி வருவதில்லை. கோயில் திருவிழாவில் ரத்ததான முகாம் நடத்தும் நிர்வாகங்கள், பக்கத்தில் ஒரு மேசை போட்டு, கைப்பேசியில் பதிவு செய்துகொடுக்க இரண்டு இளைஞர்களை உட்காரவைக்கலாம். அப்படியே வாரிசு பெயரையும் கேட்டுப் போட்டுவிடட்டும்.