ஊர் காலியானால் விளக்குக்கு யார் பணம் கட்டுவது?

தெருவிளக்கு, குப்பை வண்டி, குடிநீர்க் குழாய். இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? வீடு, கடை, தொழிற்சாலை, அங்கே சம்பாதிப்பவர்களின் வருமானம் என்று எவற்றின் மீதெல்லாம் ஒரு நகராட்சி வரி போட முடியுமோ, அவற்றின் மொத்த மதிப்புதான் அந்த ஊரின் ‘வரி அடித்தளம்’. வரி விகிதம் வேறு, அடித்தளம் வேறு. விகிதத்தை ஒரே தீர்மானத்தில் ஏற்றிவிடலாம். அடித்தளத்தை அப்படி ஏற்ற முடியாது.

இந்த வித்தியாசம் புரிய, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தைப் பார்த்தால் போதும்.

கார் தொழிலால் கொழித்த ஊர் அது. 1950-ல் மக்கள்தொகை சுமார் 18.5 லட்சம். பிறகு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. புறநகர்களில் புது வீடுகளும் அகலச் சாலைகளும் வந்தன. வசதி உள்ளவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள், அங்கே குடிபெயர்ந்தார்கள். 1967-ல் நடந்த கலவரத்துக்குப் பிறகு இது இன்னும் வேகமெடுத்தது. 2010 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் சுமார் 7.13 லட்சம் பேர்.

ஆள் குறைந்தாலும் ஊரின் பரப்பு குறையவில்லையே! சுமார் 360 சதுர கிலோமீட்டருக்கும் விளக்கு, போலீஸ், தீயணைப்பு எல்லாம் வேண்டும். 18 லட்சம் பேர் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பென்ஷனும் கொடுத்தாக வேண்டும். நகர நிர்வாகம் வரியை ஏற்றியது. வரி ஏறியதும் இன்னும் பலர் மூட்டை கட்டினார்கள். பற்றாக்குறைக்குக் கடன் வாங்கினார்கள். கடனுக்கு வட்டியும் சேர்ந்தது.

2013 ஜூலையில் டெட்ராய்ட் திவால் மனு கொடுத்தது. மொத்தக் கடன் சுமார் 1,800 கோடி டாலர். அப்போது பத்துத் தெருவிளக்குகளில் நான்கு எரியவில்லை.

அடுத்த ஆண்டு டிசம்பரில் நகரம் திவாலிலிருந்து மீண்டது. ஆனால், அதற்கு விலை கொடுத்தவர்களில் நகராட்சியில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர்களும் உண்டு. பொதுப் பிரிவு ஊழியர்களின் பென்ஷனில் 4.5 சதவிகிதம் வெட்டப்பட்டது. விலைவாசிக்கு ஏற்ப வருடாவருடம் கிடைத்துவந்த உயர்வும் அவர்களுக்கு நின்றுபோனது. தொழிற்சாலை போனதற்கும் மக்கள் போனதற்கும் அவர்கள் காரணமில்லை.

ஒரு ஊரில் புதிதாகக் கடைத்தெருவோ பட்டறையோ வந்தால், நாலு பேருக்கு வேலை கிடைப்பதோடு விஷயம் முடிவதில்லை. அந்த ஊரின் செலவைச் சுமக்க இன்னொரு தோள் சேர்கிறது. ஒரு கடை இழுத்து மூடப்பட்டால், அதன் பங்கு மற்றவர்கள் தலையில் இறங்குகிறது. அடுத்த முறை வீட்டு வரி ஏன் ஏறியது என்று கேட்கும்போது, ஊரில் வரி கட்டுபவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.