மேல்சித்தாமூருக்கு எந்த சைக்கிள்?



மேல்சித்தாமூரிலிருந்து நயினார் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த ஊர்க் கடிதம் என்றால் சமணர்களின் ஜினகாஞ்சி மடம், பார்சுவநாதர் கோயில், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் என்று ஏதாவது இருக்கும். இந்த முறை சைக்கிள்! சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகள் ரோடு பைக் வாங்கப் போகிறாராம். வருகிற தேர்த் திருவிழாவுக்கு அதிலேயே ஊர் வந்து சேருவதாகச் சபதமாம்.

பார்த்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று கார்பன் ஃப்ரேம், ஷிமானோ 105 குரூப்செட் (கியர், பிரேக் பாகங்களின் தொகுதி), பின்னால் 11 கியர். பழைய மாடல் என்பதால் விலையை இறக்கியிருக்கிறார்கள், 25 மி.மீ.க்கு மேல் அகலமான டயர் அதில் நுழையாது. மற்றது ரேனால்ட்ஸ் 520 எஃகுக் குழாயில் செய்த ஃப்ரேம், ஷிமானோ சோரா, 9 கியர், 32 மி.மீ. டயருக்கும் தாராளமாக இடம் உண்டு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. “எதை வாங்கச் சொல்லட்டும்?” என்று கேட்கிறார்.

ஐயா, முதல் கேள்வி கார்பனா எஃகா என்பதில்லை. உங்கள் மகள் கைக்கும் காலுக்கும் எந்த ஃப்ரேம் பொருந்துகிறது என்பதுதான். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மைக் கொஞ்சம் குட்டையாக மாற்றலாம். ஃப்ரேமின் நீளத்தை யாராலும் மாற்ற முடியாது. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடல்களில் பெரும்பாலும் யாரும் வாங்காத அளவுகள்தான் மிஞ்சி நிற்கும். பந்தயத்துக்காகச் செய்த ஃப்ரேமில் முதுகு வளைந்து, கை நீண்டு உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் கழுத்து வலிக்க ஆரம்பித்துவிடும். குள்ளமானவர் பெரிய அளவை வாங்கினால் 105 என்ன, அதற்கு மேலே இருக்கும் டூரா ஏஸே மாட்டியிருந்தாலும் பயனில்லை.

அளவு இரண்டிலும் சரியாக இருந்தால் எஃகுதான் என் ஓட்டு. காரணம், சாலை. அவர் ஜி.எஸ்.டி. சாலை வழியே திண்டிவனம் வரலாம். லாரிகளுக்குப் பயந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை வந்து மேற்கே திரும்பலாம். அதுவரை எந்த டயரும் போதும். செஞ்சி சாலையை விட்டு ஊருக்குள் திரும்பிய பிறகுதான் சோதனை. வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடைகள், வடகிழக்குப் பருவமழை விட்டுப்போன குழிகள், அறுவடைக் காலமானால் சாலையிலேயே பரத்திப் போட்ட நெல்லும் உளுந்தும். 25 மி.மீ. டயரில் நூறு பவுண்டுக்குப் பக்கமாகக் காற்றடித்தால் ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் தெரியும். குறைத்து அடித்தால் குழியில் ரிம் இடித்து டியூப் போகும். 32 மி.மீ. டயரில் அறுபதே போதும், எடை குறைந்தவருக்கு இன்னும் கீழே போகலாம். அந்தச் சாலையில் அவர் உடம்பு உணரப் போகும் வித்தியாசத்தில் பெரும்பங்கு டயரின் அகலத்தால் வருவது. எஃகு அதிர்வை விழுங்கும் என்று விற்பவர்கள் சொல்வதைப் பாதிதான் நம்ப வேண்டும்.

எடை? கார்பன் சைக்கிள் இரண்டு, இரண்டரை கிலோ குறைவாக இருக்கலாம். சித்திரை வெயிலில் வருகிறவர் முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டில் தண்ணீர் எடுத்துவர வேண்டும். அதுவே ஒன்றரை கிலோ. அதோடு சென்னையிலிருந்து இங்கே வரை பெரிய ஏற்றமே கிடையாது. சமதளத்தில் வேகமாகப் போகிறவரைத் தடுப்பது பெரும்பாலும் எதிரே வரும் காற்றுதான், எடைக்கு அதில் பங்கு கொஞ்சம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப் போகிறார், பந்தயத்தில் ஓடப் போகிறார் என்றால் என் பேச்சைக் கேட்க வேண்டாம், கார்பனையே வாங்கட்டும். அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. எடை குறைப்பதில் எல்லை மீறுவார்கள் என்றுதான் உலக சைக்கிள் சம்மேளனம் பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் சேரும் பிரெவே ஓட்டத்தில் 200 கி.மீ.க்குக் கொடுக்கும் நேரமே பதின்மூன்றரை மணி. அந்தக் கணக்கில் மணிக்குப் பதினைந்து கி.மீ. போனால் போதும்.

இனி அந்த ரேனால்ட்ஸ். பேனா நினைவுக்கு வந்திருக்கும். இது வேறு, பர்மிங்காமின் குழாய்க் கம்பெனி. 1935-ல் இவர்கள் கொண்டுவந்த 531 என்ற குழாய் பல பத்தாண்டுகள் பந்தய சைக்கிள்களின் முதுகெலும்பாக இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தக் கம்பெனியை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் வாங்கிவிட்டது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் 1949-ல் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1980-ல் டூர் டி பிரான்ஸை வென்ற டச்சுக்காரர் யூப் சூட்டமெல்க் ஓடியது டி.ஐ.-ராலே அணிக்காக. அந்தச் சட்டையில் இருந்த டி.ஐ.யும், நம் ஊர் வாத்தியார்கள் மிதித்துப் போன ஹெர்குலிஸைச் செய்த டி.ஐ.யும் ஒரே வீட்டுப் பெயர். பெருமைக்காகச் சொன்னேன், வாங்குவதற்குக் காரணமாக அல்ல.

காரணமாகக் கொள்ள வேண்டிய இன்னொரு பழைய பெயர் உண்டு. விவரத் தாளில் பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு சுழலும் இடம், எந்த வகை என்று போட்டிருப்பார்கள். அங்கே பி.எஸ்.ஏ. என்று இருந்தால் நல்லது. மரை போட்டுத் திருகும் அந்த வகை, துப்பாக்கி செய்து பிறகு சைக்கிளுக்கு வந்த பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சரியான சாவி இருந்தால் எந்த மெக்கானிக்கும் கழற்றி மாட்டிவிடுவார். பல கார்பன் ஃப்ரேம்களில் பேரிங்கை அப்படியே அழுத்திச் செருகியிருப்பார்கள். தூசியும் ஈரமும் புகுந்து அது கிரீச்சிட ஆரம்பித்தால் திண்டிவனத்தில் தீர்வு தேடுவது சிரமம்.

குரூப்செட்டுக்கு வருகிறேன். 1921-ல் ஜப்பானின் சகாய் நகரில் தொடங்கிய ஷிமானோ தன் ரோடு பைக் பாகங்களைப் படிக்கட்டு போல அடுக்கியிருக்கிறது. கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, உச்சியில் டூரா ஏஸ். சோராவிலிருந்து 105-க்கு ஏறினால் கியர் மெத்தென்று விழும், எடை கொஞ்சம் குறையும். அது உண்மை. ஆனால் பிரேக் லிவரிலேயே கியர் மாற்றும் வசதி, 1990-ல் வந்தபோது பந்தயக்காரர்களுக்கு மட்டும் கிடைத்தது, இன்று இரண்டிலும் இருக்கிறது. முன்னால் 50, 34 பல், பின்னால் 11 முதல் 32 வரை என்றால், மிகக் கனமான கியரில் ஒரு மிதிக்குச் சுமார் ஒன்பதரை மீட்டர் போகும். மிக இலேசானதில் இரண்டேகால் மீட்டர் போல. 9 கியரானாலும் 11 ஆனாலும் இந்த இரண்டு முனையும் மாறாது. நடுவில் இரண்டு படி கூடும், அவ்வளவே. கூடும் படிகளுக்கு இடம் வேண்டி செயின் மெலிகிறது, விலை ஏறுகிறது. மண்சாலையில் இரண்டும் தேயும். புதிது வாங்கும்போது சோராக்காரருக்குக் கை கடிக்காது.

செயின் தேய்ந்ததா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. பழைய ஹெர்குலிஸானாலும் புதிய 105 ஆனாலும் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். எனவே 24 இடைவெளி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். ஸ்கேலை வைத்துப் பாருங்கள்; பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். விட்டால் பின் பல்லும் சேர்ந்து போகும், அது செலவு.

எஃகுக்கு எதிராகவும் ஒரு சொல். மரக்காணம் வழியே வந்தால் உப்பளக் காற்றில் வருகிறார். மழையில் நனைந்தால் சீட் கம்பியை உருவி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி உள்ளே நின்ற நீரை வடித்து, குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும். சோம்பேறிக்கு எஃகு ஆகாது. திரும்பும்போது ரயில் பார்சலில் போட்டு அனுப்புவாரேயானால் எஃகுக்கே லாபம். நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். கார்பனில் உள்ளே விரிசல் விட்டிருந்தால் வெளியே பெயின்ட் மட்டும் கீறியது போல இருக்கும்.

இப்படிப்பட்ட எஃகு சைக்கிள்களில் தோல் சீட் மாட்டி அழகு பார்ப்பார்கள். அகிம்சையை நோன்பாகக் கொண்ட உங்கள் வீட்டில் அதை ஏற்கமாட்டீர்கள் என்று தெரியும். தோல் சீட்டுக்கே பேர்போன புரூக்ஸ் கம்பெனி ரப்பரும் பருத்தியும் கலந்து கேம்பியம் என்று ஒன்று செய்கிறது. அதைக் கேட்டுப் பார்க்கலாம். இரவில் உண்ணாதவர் என்றால் விடியும் முன்பே கிளம்பச் சொல்லுங்கள், பொழுது சாய்வதற்குள் வீட்டில் இலை போட்டுவிடலாம். வழியில் கொறிக்க அவித்த மல்லாட்டை இருக்கவே இருக்கிறது. நிலக்கடலை போன்ற எண்ணெய் வித்துகளுக்கென்று ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கும் திண்டிவனத்தைக் கடக்கிறவர் வேறு எதைத் தேடுவது?

கடைசியாக ஒன்று. எதை வாங்கினாலும் பில் போடும்போதே அந்த ஃப்ரேமுக்குரிய ஹேங்கர் இரண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பின் கியரைத் தாங்கும் கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டு அது. விழுந்தால் ஃப்ரேம் பிழைக்கட்டும் என்று தான் வளைந்துகொடுக்கும். ஒரு மாடலுக்குச் செய்தது இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது, இங்கே செஞ்சியிலும் கிடைக்காது, விழுப்புரத்திலும் கிடைக்காது.

அன்புடன்,
ஆசிரியர்