ஏ++ பெற்ற பல்கலைக்கழகமும் ஏ.டி.கே.டி.யில் நிற்கும் மாணவரும்

நாக் என்று சுருக்கமாக வழங்கும் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு, 2021 ஆகஸ்டில் மும்பைப் பல்கலைக்கழகத்துக்கு நான்குக்கு 3.65 புள்ளிகளுடன் ஏ++ தரம் அளித்தது. முன்பு பெற்றிருந்த ஏ தரத்தின் காலம் 2017 ஏப்ரலில் முடிந்துவிட, நான்காண்டுகளுக்கு மேல் தரச்சான்றே இல்லாமல் இருந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு இது பெரிய மீட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தரம், பல்கலைக்கழகம் தானே நேரடியாக நடத்தும் துறைகளையும் வளாகங்களையும் வைத்து அளிக்கப்பட்டது. அதனோடு இணைந்த எண்ணூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் தனித்தனியாக விண்ணப்பித்துத் தனித்தனியாகவே தரம் பெற வேண்டும். தாராவியிலிருந்து சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் நடந்தும் பஸ் ஏறியும் சென்று பிள்ளைகள் பட்டம் படிப்பது இத்தகைய கல்லூரிகளில்தான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பாடத்திட்டம் வகுப்பது பல்கலைக்கழகம், வகுப்பு நடத்துவது கல்லூரி, தரம் வழங்குவது பெங்களூரில் இருக்கும் குழு, பி.காம். என்ற படிப்பு அதைப் படித்து முடித்தவருக்கு என்ன செய்தது என்று கேட்கும் பொறுப்போ இந்த மூவரில் ஒருவரிடமும் முழுமையாக ஒப்படைக்கப்படவில்லை.

நிறுவனத்தை மதிப்பிடுவதும் படிப்பை மறுபார்வை செய்வதும் வேறு வேறு வேலைகள். நாக் தன் ஏழு அளவுகோல்களில் பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டடம், மாணவர் நலன், நிர்வாகம் என எல்லாவற்றையும் தொட்டு, முடிவில் முழு நிறுவனத்துக்கும் ஒரே எழுத்தைத் தந்துவந்தது. படிப்பு மறுபார்வை என்பது ஒரு குறிப்பிட்ட பட்டப்படிப்பை எடுத்துக்கொண்டு, அதில் சேர்ந்தவர் யார், எந்தப் பருவத்தில் யார் நின்றுவிட்டார், எந்தத் தாள் எதற்காக வைக்கப்பட்டது, தேர்வு அதைத்தான் சோதித்ததா, முடித்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியாரையும் உடன் அமர்த்திச் சோதித்து, அதன்படி படிப்பைத் திருத்துவதோ, தேவையானால் நிறுத்துவதோ ஆகும். ஐரோப்பிய நாடுகள் 2015இல் திருத்தி ஏற்ற உயர்கல்வித் தர நெறிமுறைகள் இதைத் தனி நெறியாகவே வைத்திருக்கின்றன. இந்தியாவில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மட்டும் தேசிய தரச்சான்று வாரியம் படிப்புவாரியாகச் சான்று தருகிறது. கலை, அறிவியல், வணிகவியல் படிக்கும் பெருந்தொகையினருக்கு அதற்கு இணையான ஏற்பாடு இல்லை.

இதன் வேர் பழையது. 1857இல் பம்பாய், கல்கத்தா, சென்னைப் பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டபோது, அவை கற்பிக்கும் இடங்களாக அல்லாமல் கல்லூரிகளில் படித்தவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே உருவாயின. பாடத்திட்டத்தை வகுப்பவரும் அதை வகுப்பில் நடத்துபவரும் வெவ்வேறானவர்களாகப் பிரிந்தது அங்கேதான். அந்தப் பிளவை மூடாமலே மும்பைப் பல்கலைக்கழகம் 2011-12இல் புள்ளிமுறைப் பருவத் திட்டத்தையும், 2016-17இல் விருப்பத்தேர்வுப் புள்ளிமுறையையும், தேசியக் கல்விக் கொள்கையின்படி இணைப்புக் கல்லூரிகளில் 2024-25இல் நான்காண்டுப் பட்ட அமைப்பையும் கொண்டுவந்தது. ஒரு திட்டத்தில் சேர்ந்து முடித்தவர்கள் அதனால் பெற்றது என்ன என்று ஊரறியக் கணக்குப் பார்க்காமலே அடுத்த திட்டம் வந்துவிடுகிறது. திட்டத்தை மாற்றுவதையே சீர்திருத்தம் என்று எண்ணும் இந்தப் பழக்கம்தான் மறுபார்வைக்கு முதல் தடை.

மும்பை மாணவர்களின் அன்றாடப் பேச்சில் ஏ.டி.கே.டி. என்ற நான்கு எழுத்துகள் ஓயாமல் ஒலிக்கும். தவறிய தாள்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையின் பேரில் ஒரு மாணவரை அடுத்த ஆண்டுக்குச் செல்ல விடும் விதி அது. கருணையுள்ள விதிதான், ஆனால் தவறியவரைக் கணக்கில் வைக்கும் அந்த விதி, தவற வைத்த தாளைக் கணக்கில் வைப்பதில்லை. ஒவ்வொரு பருவத் தேர்வுக்குப் பின்னும் கெஜட் எனப்படும் முடிவேடு வருகிறது. அதில் குறுக்கே செல்லும் ஒவ்வொரு வரியும் ஒரு மாணவர், நெடுக இறங்கும் ஒவ்வொரு பத்தியும் ஒரு தாள். கல்லூரியும் பெற்றோரும் வரியைப் படித்துவிட்டு, இந்தப் பிள்ளை தவறிவிட்டது என்று முடிவுக்கு வருகிறார்கள். பத்தியைப் படித்தால் வேறு கதை தெரியும். ஒரே தாளில் ஆண்டுதோறும் பாதி வகுப்பு விழுந்தால், அங்கே தவறியது தாளா, கற்பித்தலா, அதற்கு முன் இருந்திருக்க வேண்டிய அடித்தளமா என்று கேட்டாக வேண்டும். தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25 என்று பிரிந்திருந்த முறையில், அகமதிப்பீட்டில் 22 வாங்கிய மாணவர் எழுத்துத் தேர்வில் 18 மட்டுமே வாங்கியிருந்தால், அந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரமே அந்தப் படிப்பைப் பற்றிய நேர்மையான அறிக்கை. இந்த ஏடுகள் பல்கலைக்கழகத்தின் கையிலேயே இருக்கின்றன. தாள்வாரியாகத் தொகுத்து வெளியிடப் புதிய குழுவோ புதிய மென்பொருளோ தேவையில்லை.

தாராவிப் பிள்ளைகளின் நிலையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் தொடங்கிய பிள்ளை, ஜூனியர் காலேஜில் பதினோராம் வகுப்பில் திடீரென்று முழு ஆங்கிலத்துக்கு மாறி, இரண்டே ஆண்டில் பட்ட வகுப்பில் வந்து அமர்கிறது. வீட்டில் அதற்கு முன் கல்லூரிப் படி ஏறியவர் பல சமயம் இல்லை. மாலையில் கடையிலோ தோல் பட்டறையிலோ வேலையும் உண்டு. அந்தப் பிள்ளை முதல் பருவத்தில் கணக்கியலில் தவறுவது அதன் அறிவுக் குறை என்று எழுதி வைப்பது அநீதி. அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைக்காதபோது மேலாண்மைக்கான பி.எம்.எஸ்., கணக்கியலுக்கும் நிதிக்குமான பி.ஏ.எஃப். போன்ற சுயநிதிப் படிப்புகளுக்குப் பல மடங்கு கட்டணம் கட்டிச் சேர்பவர்களிலும் இத்தகைய குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூடுதல் கட்டணம் வாங்கும் படிப்பு கூடுதலான சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதே நியாயம்.

கல்லூரிகளில் வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. வேலை வேறு திசையில் நடக்கிறது. விளைவுசார் கல்வி என்ற கோட்பாடு, ஒரு தாளைப் படித்தபின் மாணவருக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று முதலிலேயே வரையறுத்து, அது நிறைவேறியதா என்று அளக்கச் சொல்கிறது. நல்ல கோட்பாடு. நடைமுறையில் அது ஒரு கட்டம் போட்ட அட்டவணையாகிவிட்டது: ஆசிரியர் தம் தாளுக்கு ஐந்தாறு விளைவுகளை எழுதி, பொறியியலானால் படிப்பு முழுமைக்கும் நெடுங்காலமாக வரையறுக்கப்பட்டிருந்த பன்னிரண்டு விளைவுகளோடு அவற்றைப் பொருத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் உறவின் அளவுக்கேற்ப 1, 2, 3 என்று எண்ணிட வேண்டும். இது ஏன் 2, ஏன் 3 அல்ல என்று துறையில் இருவர் உட்கார்ந்து வாதிட்டால் அந்த அட்டவணை ஒரு கல்வி உரையாடலாகும். நாக் கமிட்டி வரும் தேதிக்கு முந்தைய வாரத்தில், சென்ற ஆண்டு அட்டவணையை எடுத்து ஆண்டை மட்டும் திருத்தினால் அது வெறும் தாள். விடுப்பில்லாமல் இரவு பகலாகக் கோப்பு தயாரிக்கும் ஆசிரியர்களின் உழைப்பு உண்மையானது. அந்த உழைப்பு மாணவரைச் சென்று சேராதது வேதனைக்குரியது.

மாற்று வழிக்கு வெகு தொலைவு போக வேண்டியதில்லை. மாட்டுங்காவில் இன்று வேதியியல் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்கும் யு.டி.சி.டி., 1933இல் பல்கலைக்கழகத்தின் துறையாகவே தொடங்கியது; பம்பாயின் நெசவாலைகளுக்குத் தேவைப்பட்ட துணி வேதியியலையும் வேதிப் பொறியியலையும் முதல் படிப்புகளாகக் கொண்டது. சென்னையில் பிறந்த சாயவேதியியல் அறிஞர் கே. வெங்கட்ராமன் அதன் முதல் இந்தியத் தலைவராக இருந்து, பின்னர் புணேயில் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். கற்பித்தவர்களே ஆராய்ந்தார்கள், ஆலைகளோடும் பேசினார்கள். பாடத்தை எழுதியவருக்கும் நடத்தியவருக்கும் இடையே தூரம் குறைவாக இருந்தது. 2008இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றது. சிறியது, தேர்ந்தெடுத்த மாணவர்களைக் கொண்டது என்பதால் அதன் வெற்றியை அப்படியே பி.காம். வகுப்புக்குப் பெயர்க்க முடியாது. தூரம் குறைய வேண்டும் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

தன்னாட்சிக் கல்லூரி என்ற ஏற்பாடும் அந்தத் தூரத்தைக் குறைக்கவே வந்தது. 1964-66 கோத்தாரிக் குழு அதைப் பரிந்துரைக்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1978இல் லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி அளித்தது. அதற்கான தளத்தை அமைத்தவர்களில் அப்போது துணைவேந்தராக இருந்த மால்கம் ஆதிசேஷையா முக்கியமானவர். மாட்டுங்கா, சயான் பகுதியின் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு அது பல பத்தாண்டுகள் கழித்தே வந்தது. ரூயா கல்லூரி 2017இல் பெற்றது. பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும் உரிமை கிடைத்தபின், எந்தத் தாளில் ஏன் பிள்ளைகள் விழுகிறார்கள் என்ற கேள்விக்குப் பல்கலைக்கழகத்தைக் கைகாட்டும் வசதி அந்தக் கல்லூரிகளுக்கு இல்லை.

2017 கோடையை மும்பை மாணவர்கள் மறந்திருக்க முடியாது. சுமார் 17 லட்சம் விடைத்தாள்களை ஸ்கேன் செய்து கணினித் திரையில் திருத்தும் முறையைப் பல்கலைக்கழகம் ஒரே பருவத்தில் எல்லாத் தேர்வுகளுக்கும் புகுத்தியது. வேந்தரான ஆளுநர் விதித்த ஜூலை 31 கெடு கடந்தும் முடிவுகள் வரவில்லை. விடைத்தாள்கள் மாறின, காணாமல் போயின. மேற்படிப்பு இடங்களும் வேலை வாய்ப்புகளும் பலருக்குக் கைநழுவின. அக்டோபரில் துணைவேந்தர் நீக்கப்பட்டார். ஒரு துறையில் சோதித்துப் பார்த்து, குறை கண்டு திருத்தி, பிறகு விரிவாக்குவது என்ற எளிய ஒழுங்கே மறுபார்வையின் சாரம். அது இல்லாத இடத்தில் நல்ல கருவியும் தண்டனையாக மாறியது.

ஆசிரியர் இல்லாமல் எந்த மறுபார்வையும் காகிதமே. நிரந்தர இடங்கள் நிரப்பப்படாமல், எடுத்த பாட மணிக்கு மட்டும் ஊதியம் பெறும் சி.எச்.பி. ஆசிரியர்களைக் கொண்டு வகுப்புகள் நடக்கும்போது, இந்த ஆண்டு கண்ட குறையை அடுத்த ஆண்டு திருத்த அதே ஆசிரியர் அங்கே இருப்பார் என்ற உறுதி இல்லை. செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2024 ஜூனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒப்பந்தப் பணியாளர்களுக்கு நிதியில்லை என்று வேலைநீக்க அறிவிப்பு அனுப்பி, நிதி உறுதியானதும் அதைத் திரும்பப் பெற்றது. அவர்களில் பாதியளவினர் ஆசிரியர்கள்.

தரச்சான்றின் நம்பகத்தன்மையும் அடி வாங்கியிருக்கிறது. ஆந்திராவிலுள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்தரம் அளிக்கக் கையூட்டு பெற்றதாக நாக் ஆய்வுக்குழுவினர் சிலரை 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. கைது செய்தது. எழுத்துத் தரங்களைக் கைவிட்டு, சான்று உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் முறைக்கு மாற இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி 2024இலேயே முடிவாகியிருந்தது. அதனால் தரங்களுக்கான போட்டி குறையலாம், படிப்புவாரியான கேள்வி அப்போதும் கேட்கப்படாமலே இருக்கும்.

எனவே அந்தக் கேள்வியைப் பல்கலைக்கழகமே கேட்க வேண்டும். ஒவ்வொரு பட்டப்படிப்பும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை, தாள்வாரித் தேர்ச்சியும் இடைநிற்றலும் அடங்கிய திறந்த அறிக்கையோடு மறுபார்வைக்கு வர வேண்டும். மறுபார்வைக் குழுவில் வேறு மாநிலப் பேராசிரியர் ஒருவரும், முடித்து மூன்றாண்டான பட்டதாரிகளும் இருக்க வேண்டும். பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைக்கான இடம் பெருநிறுவன அதிகாரிக்கு மட்டும் உரியதன்று. பி.காம். படித்தவரை வேலைக்கு அமர்த்தி ஜி.எஸ்.டி. கணக்கு எழுதச் சொல்லும் தாராவித் தோல்பொருள் வணிகருக்கு, அந்தப் பட்டதாரிக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பது நாள்தோறும் கண்முன் தெரிகிறது. அவரும் அங்கே அமரட்டும்.

2024 ஜூனில் நான்காண்டு அமைப்பில் சேர்ந்தவர்கள் 2027இல் மூன்றாம் ஆண்டை முடித்து, பட்டத்தோடு வெளியேறுவதா, ஆனர்ஸ் பட்டத்துக்கு நான்காம் ஆண்டும் தங்குவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். தாராவியில் ஒரு குடும்பத்துக்கு அது இன்னுமோர் ஆண்டின் கட்டணமும் இன்னுமோர் ஆண்டின் இழந்த சம்பளமும் ஆகும். நான்காம் ஆண்டில் என்ன கற்பிக்கப்படும், யார் கற்பிப்பார், முதல் மூன்றாண்டில் எத்தனை பேர் எந்தத் தாளில் நின்றார்கள் என்ற விவரங்களை ஒவ்வொரு கல்லூரியும் படிப்புவாரியாக அந்த முடிவுக்கு முன்பே வெளியிட வேண்டும். அதற்கு வழிசெய்யும் பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது.