வேர்ஜீனியாவிடம் அனுமதி கேட்கும் மின்குமிழ்

மாத்தளைப் பக்கத்திலும் புதிய வீடுகளுக்கும் தொடர்மாடிகளுக்கும் 'ஸ்மார்ட்' என்ற அடைமொழி வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. குரல் கொடுத்தால் விளக்கு எரியுமாம். கைத்தொலைபேசியைத் தட்டினால் கதவு திறக்குமாம். கொழும்பில் இருந்தபடியே வீட்டு மின்விசிறியை நிறுத்தலாமாம். நல்லது. மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? இணையம் அறுந்தால் என்ன ஆகும்? பொருளைச் செய்த நிறுவனம் கடையைப் பூட்டினால் என்ன ஆகும்? இந்த மூன்று கேள்விகளுக்கு விளம்பரத் தாள்களில் பதில் கிடையாது. பதில் இல்லாத வீட்டுக்கு அந்த அடைமொழி பொருந்தாது என்பதே என் வாதம்.

என் தங்கையின் மகன் மாத்தளை நகரோரத்தில் ஒரு தொடர்மாடி வீட்டுக்கு முற்பணம் கட்டியிருக்கிறான். வயதான தாயையும் அங்கே அழைத்துச் செல்லும் எண்ணம். அவனுக்குத் தரப்பட்ட விலைக்கூறலை வாசித்தேன். விளக்கு, விசிறி, கதவு, கமரா அனைத்தும் இணையவழி. வாசற் கதவின் பூட்டில் சாவித் துவாரமே இல்லை. "சாவி எங்கே தம்பி?" என்று கேட்டேன். "அது பழைய காலம் ஐயா" என்று சிரித்தார் விற்பனையாளர். எழுபது வயதைக் கடந்த ஒருத்தி உள்ளே இருக்கும் வீட்டின் கதவைப் பற்றிய பேச்சு இது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தகைய கருவிகள் பலவற்றில் நடப்பது இதுதான். நீங்கள் மாத்தளையில் விளக்கைப் போடச் சொல்கிறீர்கள். அந்தக் கட்டளை கடல் கடந்து எங்கோ ஒரு கணினிக் கிடங்குக்குப் போய், அங்கிருந்து அனுமதி பெற்று, மீண்டும் உங்கள் கூரைக்கு வருகிறது. 2025 ஒக்டோபர் 20ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் உள்ள அமேசன் கணினி நிலையங்களில் கோளாறு ஏற்பட்டது. அலெக்சா பலருக்கு ஊமையானது. ரிங் வாயிற்கமராக்கள் முடங்கின. இணையத்தோடு இணைத்த சொகுசுக் கட்டில்கள்கூடச் சொன்னபடி கேட்கவில்லை.

அது ஒருநாள் கோளாறு. நிரந்தரமாகக் கைவிடப்பட்டவர்களும் உண்டு. ரிவோல்வ் என்ற கருவியின் விலை சுமார் 300 டொலர். அந்த நிறுவனத்தை 2014இல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சேவை நிறுத்தப்பட்டு, கருவி வெறும் பெட்டியாயிற்று. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியன் நிறுவனம் முன்னறிவித்தல் இன்றியே தன் சேவைக் கணினிகளை அணைத்தது. பெல்கின் நிறுவனத்தின் வீமோ கருவிகள் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31ஆம் திகதியோடு இணையச் சேவை முடிந்தது. வீட்டுக்கடன் இருபது வருடத்துக்கு; வீட்டின் மூளைக்கோ எத்தனை வருடம் என்று எவரும் எழுதித் தருவதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீர் சுரங்க வழியே வந்து உக்குவளையில் மின்சாரமாகிச் சுதுகங்கையில் விழுகிறது. 1976 முதல் இதுதான் ஏற்பாடு. சுமார் 40 மெகாவாட் கொள்ளளவுள்ள நிலையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆயினும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டபோது நாடே இருண்டது. அதற்கு முன், 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது, மின்சாரத்தோடு தொலைபேசித் தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போனது. அந்த நாட்களில் வேர்ஜீனியாவிடம் எப்படி அனுமதி கேட்பது?

"கூரையில் சூரியப் படல் உண்டே" என்று சிலர் சொல்வர். மின்கலம் இல்லாத சாதாரணக் கூரைத் தொகுதி, பொதுமின் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, சரியான ஏற்பாடும்கூட. பெப்ரவரி 9ஆம் திகதி முற்பகல் வெயிலில், தலைக்குமேல் சூரியனை வைத்துக்கொண்டே பல வீடுகள் மின்சாரம் இன்றிக் கிடந்தது இதனால்தான்.

ஆகவே மருமகனுக்கு நான் எழுதிக் கொடுத்தவை இவை:

1. சுவர்ப் பூச்சு முடியுமுன் ஒவ்வொரு ஆளிப் பெட்டிக்கும் நியூட்ரல் கம்பி வரவேண்டும். பல ஸ்மார்ட் ஆளிகள் அது இன்றி இயங்கா. பிறகு சுவரை உடைப்பதைவிட இப்போது கம்பி இழுப்பது மலிவு.

2. சுவரில் உள்ள ஆளியை விரலால் தட்டினால், இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விளக்கு எரிந்தே ஆகவேண்டும். மூளை பழுதானாலும் கை வேலை செய்யவேண்டும்.

3. கட்டுப்பாட்டு மையம் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும். ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மூல மென்பொருளைச் சிறு கணினியொன்றில் இயக்கலாம். ஸிக்பீ, மேட்டர் ஆகிய முறைகளில் இயங்கும் கருவிகளை வீட்டுக்குள்ளேயே பேசவைக்க முடியும்.

4. ரவுட்டருக்கும் அந்தக் கணினிக்கும் ஒரு சிறு யூ.பி.எஸ். இரண்டும் அதிகம் மின்சாரம் குடிப்பவை அல்ல.

5. இடிமழைக் காலத்தை மறக்கலாகாது. முறையான புவித்தொடுப்பு, ட்ரிப் சுவிட்ச், மின்பொங்கலைத் தடுக்கும் கருவி ஆகியவற்றுக்குச் செலவிட்ட பிறகே மற்றவற்றுக்குப் பணம்.

6. வாசற் கதவுக்குச் சாவி வேண்டும். உள்ளிருந்து மின்சாரமே இன்றிக் கையால் திறக்கவேண்டும். இதில் பேரம் இல்லை.

புதுமைக்கு நான் எதிரி என்று எண்ணிவிட வேண்டாம். முழங்கால் நோவோடு இரவில் எழும் முதியவருக்குத் தானாக எரியும் விளக்கு பெரிய உதவி. கட்டிலை விட்டு எழ முடியாதவருக்குக் குரலால் விசிறியை இயக்குவது விடுதலை என்றே சொல்வேன். ஆனால் அந்த உதவி இன்றி வாழ முடியாதவர்களே அது நிற்கும்போது முதலில் வதைபடுகிறார்கள். இளைஞன் இருட்டில் தடவித் தடவியேனும் கதவைக் கண்டுபிடிப்பான். அவனுடைய தாயால் முடியாது. யாருக்காக வாங்குகிறோம் என்று சொல்கிறோமோ, அவரை நினைத்தே உறுதியையும் கேட்கவேண்டும்.

மலிவு என்ற வாதமும் உண்டு. மையக் கணினி இல்லாத இணையக் கருவி தொடக்கத்தில் விலை குறைவுதான். நிறுவனம் கைவிட்டதும் அத்தனையையும் கழற்றி எறிந்து புதிதாக வாங்கும் செலவைக் கூட்டினால் கணக்கு மாறிவிடும்.

வீடு வாங்கும் வாசகர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். மாதிரி வீட்டைக் காட்ட உங்களை அழைத்துச் செல்லும்போது ரவுட்டரின் மின்செருகியைக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு விளக்கைப் போடுங்கள். கதவைத் திறந்து பாருங்கள். அதன் பின் பிரதான ஆளியையும் கீழே இறக்கச் சொல்லி, கதவை இன்னொருமுறை திறந்து பாருங்கள். விற்பனையாளர் தயங்கினால் காசோலைப் புத்தகத்தைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருங்கள்.