திருமயிலை நிலையம் காட்டும் வழி

சென்னைக் கடற்கரையை வேளச்சேரியோடு இணைத்துப் பெரும்பகுதி தூண்களின்மேல் ஓடும் பறக்கும் தொடர்வண்டித் தடத்தில் திருவல்லிக்கேணி, திருமயிலை என்னும் இரு நிலையங்கள் உள்ளன. சேப்பாக்கத்தோடு நின்றிருந்த அத்தடம் 1997ஆம் ஆண்டு மயிலை வரை நீண்டபோது திறக்கப்பட்டவை அவை. அவற்றின் பெயர்ப்பலகைகளில் தமிழ் வரியில் மட்டுமன்று, ஆங்கில வரியிலும் அப்பெயர்களே நிற்கின்றன. வெள்ளையர் நாவில் சிதைந்த 'டிரிப்ளிகேன்', 'மைலாப்பூர்' ஆகிய வடிவங்களுக்கு அங்கு இடமில்லை.

இது சிறு செய்தியன்று. நூலைத் தொடாதவரும் நாள்தோறும் படிக்கும் ஏடு தொடர்வண்டி நிலையத்தின் பெயர்ப்பலகையே. அதனாலன்றோ தமிழர் அப்பலகைகளின் முன்னே போராடினர்! 1952இல் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்துகள் தாரால் அழிக்கப்பட்டன. 1953இல் டால்மியாபுரம் என்ற பெயரை நீக்கிக் கல்லக்குடி என்ற பெயரை நிலைநாட்டத் தண்டவாளத்தில் தலைவைத்தோர் சிறை புகுந்தனர். ஒரு பலகைக்காக இத்துணைத் துன்பமா என வினவுவோர், ஊரின் பெயர் அவ்வூர் மக்களின் வரலாற்றுப் பட்டயம் என்பதை அறியாதவராவர்.

இப்பட்டயத்தை இருப்புப்பாதை காத்தும் தந்திருக்கிறது. 1920களில் நெடிய ஏரியொன்றின் நீரை வடித்து, அந்நிலத்தில் தியாகராய நகர் அமைக்கப்பட்டது. பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கிய அந்நகரை மக்கள் வாய் 'டி.நகர்' எனச் சுருக்கிவிட்டது. ஆயின், அதன் வாயிலாக விளங்கும் நிலையம் இன்றும் மாம்பலமே. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 மே 11ஆம் நாள் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 2004ஆம் ஆண்டு அங்குக் குறும்பாதை வண்டிகள் ஓய்வுபெற்று, அகலப்பாதை வண்டிகளே நிலைத்தன. பாதை மாறியும் பழைய சிற்றூரின் பெயர் மாறவில்லை. அரங்கநாதன் தெருவுக்குத் துணி வாங்க வரும் வெளியூரார்க்கும் மாம்பலம் என்ற பெயரை அப்பலகையே கற்பிக்கிறது.

மயிலையின் பழமையோ அளப்பரிது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறித்த 'மல்லியார்பா' இவ்வூரே என்பர் அறிஞர். தேவாரம் பாடிய ஞானசம்பந்தர் இதனை மயிலை என்றே அழைத்தார். அப்பெயரை 1997இல் எழுந்த கற்காரைக் கட்டடம் ஏற்றுக்கொண்டது. அதன் அருகே நிலத்துக்கடியில் உருவாகிவரும் மெட்ரோ நிலையத்துக்கும் திருமயிலை என்பதே பெயர். ஒருமுறை சரியாக எழுதினால் அடுத்தவரும் சரியாக எழுதுவர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எனினும், குறையும் உண்டு. அதே தடம் பசுமைவழிச் சாலைக்கும் கோட்டூர்புரத்துக்கும் இடையே அடையாற்றைக் கடக்கிறது. ஆனால், அடையாறு என்ற பெயரில் ஒரு நிலையமும் அத்தடத்தில் இல்லை. அப்பகுதியினர் ஏறி இறங்கும் நிலையங்கள் கத்தூரிபா நகர், இந்திரா நகர் எனக் குடியிருப்புகளின் பெயர் கொண்டவை. தலைவர்களைப் போற்ற வேண்டாம் என்பதன்று. ஆற்றையும் மறவாதிருக்க வேண்டும் என்பதே. பழைய தடத்திலோ ஒரே நிலையம் தமிழில் பரங்கிமலை, ஆங்கிலத்தில் 'செயின்ட் தாமசு மவுண்ட்' என இரு பெயரோடு நிற்கிறது.

2020 சூன் திங்களில் தமிழ்நாட்டரசு 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்திலும் எழுதுமாறு ஆணையிட்டது. எழுத்துக்கூட்டல் பற்றிக் குறைகள் எழவே, சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. கூட்டலில் பிழையிருப்பின் கூட்டலைத் திருத்துவதே முறை. நோக்கத்தைக் கைவிடுவது முறையாகாது.

பெயரை மாற்றினால் குழப்பமும் செலவும் பெருகும் என்பர் சிலர். 1996இல் 'மெட்ராசு' சென்னையாயிற்று. அதனால் எந்த வண்டி வழி தவறியது? எந்த மடல் ஊர் சேராதொழிந்தது? சில திங்கள் நா தடுமாறும், பின்பு பழகிவிடும். ஒரு தலைமுறை சென்றால் பழைய சிதைவே விந்தையாகத் தோன்றும்.

செய்யவேண்டியவை இரண்டு. மொழியறிஞரைக் கொண்டு சீரான எழுத்துக்கூட்டலை வகுத்து, அவ்வாணையை நிறைவேற்றுவது அரசின் கடன். மற்றொன்று மக்களின் கடன். பலகையில் திருமயிலை இருக்க, கீழே தானிக்காரரிடம் 'மைலாப்பூர் இசுடேசன்' என்று கூறுவோமாயின், மீட்ட பெயர் பலகையோடு நின்றுவிடும். பயணச்சீட்டு கேட்கும்போதும், முகவரி எழுதும்போதும், பிள்ளைகளுக்கு வழி சொல்லும்போதும் திருமயிலை என்றே வழங்குவோம். இதற்கு ஆணை வேண்டா, காசும் வேண்டா, தமிழ் நா ஒன்றே போதும்.