அத்தி பூத்ததை யார் கண்டார்?

'அத்தி பூத்தாற்போல' என்னும் மரபுத்தொடருக்குப் பொருள் எழுதச் சொல்லியிருந்தேன். மாணவர் ஒருவர் 'மிக அரிதாக' என்று எழுதிவிட்டு, 'ஆயினும் அத்தி ஆண்டுக்குப் பலமுறை பூக்கும்' என்றும் சேர்த்திருந்தார். அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து அரை மதிப்பெண்ணைக் குறைத்தேன். மறுநாள் அவர் பிஞ்சு அத்திக்காய் ஒன்றை நெடுக்கே அரிந்து கொணர்ந்து என் மேசைமேல் வைத்தார். வாதாடவில்லை.

நாம் காய் என்பது உண்மையில் ஒரு பூங்கொத்து. உட்புறமாகக் குவிந்து மூடிக்கொண்ட கிண்ணம். அதன் உட்சுவரெங்கும் நுண்பூக்கள். நுனியில், செதில்கள் காக்கும் ஊசித்துளை. கண்ணைக் கவரும் இதழோ நிறமோ வெளியில் இல்லை. அழைப்பு முழுவதும் மணத்தால்தான். பெண்பூக்கள் மகரந்தம் ஏற்கப் பக்குவப்பட்ட நாள்களில் மட்டும் மரம் விடுக்கும் வாசத்தை அறிந்து, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவேயுள்ள பெண்குளவி ஒன்று வருகிறது. துளையினுள் நெருக்கி நுழைகையில் அதன் சிறகுகள் முறிகின்றன. நான் பார்த்த காயிலும் துளையருகே ஒரு சிறகு ஒட்டியிருந்தது. கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சிலவற்றின் சூலகத்தில் முட்டையிட்டு, உள்ளேயே அது மடிகிறது. சில வாரங்களில் சிறகற்ற ஆண்குளவிகள் முதலில் வெளிப்பட்டு, பெண்களோடு கூடி, சுவரைக் குடைந்து வழி திறந்துவிட்டு இறக்கின்றன. பெண்கள் மகரந்தம் ஏந்தி அவ்வழியே பறக்கின்றன. ஓரிரு நாள் ஆயுளுக்குள் பக்குவமான வேறொரு மரத்தை அவை அடைந்தாக வேண்டும்.

மலர் வண்டை அழைப்பதை வள்ளன்மை என்று பேசுவது நம் மேடை வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடக்கவியலாத உயிர் தன் மகரந்தத்தைக் கொண்டுசெல்ல ஆள் தேடுகிறது. அதற்குக் கூலி தருகிறது. பல செடிகளுக்கு அக்கூலி தேன். அத்தி தருவதோ, வித்தாக வேண்டிய தன் பூக்களிலேயே ஒரு பங்கு. வள்ளன்மை என்ற ஒரு சொல்லைப் போட்டு மூடிவிட்டால் இந்தக் கடுமையான கணக்கு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

நம் முன்னோர் அப்பூச்சியைக் காணாமல் இல்லை. 'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை' என்றவர்களும் அவர்களே. புழுவைக் கண்டார்கள், பூவைக் காணவில்லை. பூவாது காய்க்கும் மரத்துக்குக் 'கோளி' என்று பெயரும் இட்டார்கள். கண்டதைச் சொன்ன அவர்கள்மேல் பிழையில்லை. அறிந்துகொள்ள வழியிருந்தும் 'அத்தி அரிதாகப் பூக்கும் மரம்' என்று இருபதாண்டுக் காலம் வகுப்பில் சொல்லிவந்த என்மேல்தான் பிழை. தொடரைக் கைவிட வேண்டியதில்லை. அரிது என்பது பூப்பதற்கன்று, காண்பதற்கு என்று விளக்கினாலே போதும்; தமிழாசிரியர் இதைத் தாவரவியலார் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கக்கூடாது.

அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விடுதிக்குப் பின்னால் ஓர் அத்திமரம் நிற்கிறது. அடுத்த பருவத்தில் அந்தப் பாடத்தை அதன் நிழலில் நடத்துவதாக இருக்கிறேன், கையில் ஒரு கத்தியோடு.