கௌன்ஸிலரும் கான்ஸ்டேபிளும்

ஒரு தெருவில் மூன்று நாட்களாக விளக்கு எரியவில்லை. நான்காம் நாள் இரவு, கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த ஓர் அம்மாளின் கழுத்துச் சங்கிலியை எவனோ ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். ஐந்தாம் நாள் காலையில் அந்தத் தெருவாசிகள் எங்கே போவார்கள்? போலீஸ் ஸ்டேஷனுக்கா? அந்த வாசற்படியை மிதிப்பதற்கு நம்முடைய குடும்பங்களில் இன்னமும் ஒரு தயக்கம் இருக்கத்தான் இருக்கிறது. ஆகையால் முதலில் வார்டு கௌன்ஸிலர் வீட்டுக்குத்தான் போவார்கள்.

கௌன்ஸிலர் பாவம், என்ன செய்வார்? விளக்கைப் பற்றி நகரசபையில் எழுந்து நின்று கேட்பார். திருடனைப் பற்றி இன்ஸ்பெக்டரிடம் டெலிபோனில் சொல்லிப் பார்ப்பார். அதைக் காதில் போட்டுக்கொள்வதும் போட்டுக்கொள்ளாததும் இன்ஸ்பெக்டருடைய இஷ்டம். ஏனெனில், சட்டப்படி தெருவிளக்கு கௌன்ஸிலர் வசம். அது அணைந்த பிறகு ஏற்படும் இருட்டு போலீஸார் வசம். திருடனுக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. தெரிந்தால் மிகவும் சந்தோஷப்படுவான்.

"இருவரும் கூடி உட்கார்ந்து பேசினால் போகிறது, இதில் என்ன பிரமாதம்?" என்று நேயர்கள் கேட்கலாம். பேச வேண்டியதுதான். ஆனால் எங்கே பேசுவது, எதைப் பேசுவது, யார் முன்னிலையில் பேசுவது என்பதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. இந்தக் கேள்விகளோடு ஏறக்குறைய இருநூறு வருஷமாக மல்லுக்கட்டி, இரண்டு பக்கமும் விழுந்து எழுந்த தேசம் ஒன்று உண்டு. அது இங்கிலாந்து. நமக்குப் போலீஸ் சட்டம் எழுதிக் கொடுத்ததும் அதே தேசம்தான். ஆகையால் அந்தக் கதை நமக்குச் சம்பந்தமில்லாத கதை அல்ல.

* * *

லண்டன் நகரத்துக்கு ஸர் ராபர்ட் பீல் புதிய போலீஸ் படையை ஏற்படுத்தியது 1829-ம் வருஷத்தில். அதற்கு ஆறு வருஷம் கழித்து, 1835-ல், பார்லிமெண்டு நகரசபைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன்படி ஒவ்வொரு நகரசபையும் தன் அங்கத்தினர்களிலிருந்து ஒரு காவல் கமிட்டியைப் பொறுக்கி எடுக்க வேண்டும். கான்ஸ்டேபிள்களை நியமிப்பது அந்தக் கமிட்டிதான். வேலையிலிருந்து நீக்குவதும் அதுதான். அதாவது, ஊர் ஜனங்கள் தேர்ந்தெடுத்த கௌன்ஸிலர்களிடம் ஊர்ப் போலீஸ் கைகட்டிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதே வெள்ளைக்கார சர்க்கார் நம் நாட்டுக்கு வந்ததும் வேறு வேதம் ஓதிற்று. சென்னை ராஜதானியில் வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் ஜனங்களைச் சித்திரவதை செய்தார்கள் என்பதை, சர்க்கார் நியமித்த கமிஷனே 1855-ல் எழுதி வைத்தது. போலீஸைச் சீர்திருத்த வேண்டும் என்ற எண்ணம் அப்பொழுது வலுத்தது. 1859-ல் சென்னைக்கு ஒரு சட்டமும், 1861-ல் இந்தியாவுக்குப் பொதுவான ஒரு சட்டமும் பிறந்தன. ஆனால் அவற்றுக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் நகரப் போலீஸை அல்ல. அயர்லாந்தை அடக்கி வைப்பதற்காக ஏற்படுத்திய போலீஸை! அதிகாரம் இன்ஸ்பெக்டர் ஜெனரல், கவர்னர் என்று மேலே மேலே ஏறிப் போயிற்றே தவிர, ஊர் ஜனங்களை நோக்கி ஒரு படிகூட இறங்கி வரவில்லை. தன் வீட்டுக் காவற்காரன் தனக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறர் வீட்டில் தான் கொண்டுபோய் வைத்த காவற்காரனோ அந்த வீட்டுக்காரனுக்குப் பதில் சொல்லவே கூடாது. இதுதான் வெள்ளைக்காரன் கண்ட நியாயம்.

"அப்படியானால் இங்கிலாந்தில் இருந்தது போலக் கௌன்ஸிலர்களிடமே போலீஸை ஒப்படைத்துவிட்டால் தீர்ந்தது!" என்று அவசரப்பட வேண்டாம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

* * *

ராபின் ஹூட் கதை படித்தவர்களுக்கு நாட்டிங்ஹாம் என்ற ஊரின் பெயர் தெரிந்திருக்கும். அந்தக் கதையில் ஊர்க் காவல் அதிகாரிக்கும் திருடனுக்கும் சண்டை. 1959-ம் வருஷத்தில் அதே ஊரில் காவல் அதிகாரிக்கும் நகரசபைக்குமே சண்டை வந்துவிட்டது!

நகரசபை அங்கத்தினர்கள் சிலரைப் பற்றி ஊழல் புகார்கள் கிளம்பின. போலீஸ் தலைவரான காப்டன் பாப்கெஸ் விசாரணை ஆரம்பித்தார். காவல் கமிட்டியார், "என்ன விசாரிக்கிறீர்? எங்களுக்கு ரிப்போர்ட் கொடும்" என்று கேட்டார்கள். "குற்ற விசாரணை உங்களுக்குச் சம்பந்தப்பட்டதல்ல; கொடுக்க முடியாது" என்று அவர் மறுத்தார். கமிட்டியார் உடனே அவரை வேலையிலிருந்து ஸஸ்பெண்டு செய்துவிட்டார்கள். விஷயம் லண்டன் வரை போய், உள்நாட்டு மந்திரி பட்லர் தலையிட்டு, அவரை மறுபடியும் வேலையில் அமர்த்தச் செய்தார். அந்தப் புகார்களின்மேல் வழக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது வேறு விஷயம். யாரைப் பற்றி விசாரணை நடக்கிறதோ அவர்களுடைய சகாக்களே விசாரிப்பவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்பது எப்படிப்பட்ட நிலைமை?

இந்த மாதிரி விவகாரங்களால் 1960-ல் ஒரு ராயல் கமிஷன் ஏற்பட்டது. 1964-ல் புதிய போலீஸ் சட்டம் வந்தது. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த காவல் கமிட்டிகள் மறைந்தன.

* * *

நாட்டிங்ஹாமில் கௌன்ஸிலர்களின் கை மிதமிஞ்சி நீண்டது. கௌன்ஸிலர்களுக்குக் கையே இல்லாத இடம் ஒன்றும் இங்கிலாந்தில் இருந்தது. அது தலைநகரமாகிய லண்டனேதான். அந்த நகரத்துப் போலீஸ் 1829 முதல் 2000-ம் வருஷம் வரையில் நேரே உள்நாட்டு மந்திரியின் கீழ்த்தான் இருந்தது. வட்டார நகரசபைகளுக்கு அதில் ஓர் அதிகாரமும் கிடையாது.

தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் என்று ஒரு பேட்டை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய கறுப்பு மக்கள் நிறைய வசிக்கும் இடம். அங்கே போலீஸாருக்கும் ஜனங்களுக்கும் பேச்சு வார்த்தை நடத்துவதற்கென்று இருந்த கமிட்டி 1979-லேயே உடைந்து போயிற்று. அதன் பிறகு இரண்டு தரப்பாரும் ஒருவரை ஒருவர் தெருவில்தான் சந்தித்துக்கொண்டார்கள். 1981 ஏப்ரலில் வழிப்பறியை ஒழிக்கிறோம் என்று போலீஸார் ஒரு பெரிய காரியத்தைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சதுப்பு நிலம்' என்பது! சாதாரண உடையில் வந்த போலீஸார் சில நாட்களுக்குள் 943 பேரைத் தெருவில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். அவர்களில் கைதானவர்கள் 118 பேர்தான். மற்ற எண்ணூற்றுச் சொச்சம் பேருக்கும் கிடைத்தது என்ன? நாலு பேர் பார்க்க அவமானம்.

இதைத் தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பேட்டையின் பிரமுகர்கள் எவரையும் போலீஸார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், "ஐயா, வழிப்பறியால் எங்களுக்கும்தான் கஷ்டம். ஆனால் இந்த வழியில் போகாதீர்கள், ஊர் தாங்காது" என்று சொல்லியிருப்பார்கள். சொல்ல இடமில்லாமல் போனதை, ஏப்ரல் 10-ந் தேதி முதல் மூன்று நாட்கள் கல்லும் நெருப்பும் சொல்லின. போலீஸாரில் மட்டும் 279 பேர் காயமடைந்தார்கள். கடைகளும் வீடுகளும் எரிந்தன.

கலகத்தை விசாரித்த லார்டு ஸ்கார்மன் அதே வருஷம் நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், போலீஸார் வட்டார மக்களைக் கலந்து ஆலோசிப்பதைச் சட்டமே கட்டாயப்படுத்த வேண்டும் என்று சிபாரிசு செய்தார். 1984-ம் வருஷத்துச் சட்டத்தில் அது இடம் பெற்றது. 1998-ல் இன்னொரு சட்டம் வந்து, ஊரில் குற்றத்தைக் குறைப்பது போலீஸுக்கு மட்டுமல்ல, நகரசபைக்கும் கடமை என்று சொல்லி, இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தது.

2012-ல் மற்றொரு பரிட்சை செய்து பார்த்தார்கள். லண்டன் போன்ற சில இடங்கள் நீங்கலாக, ஒவ்வொரு போலீஸ் படைக்கும் ஜனங்களே ஒரு கமிஷனரைத் தேர்ந்தெடுப்பது. அந்தக் கமிஷனரைக் கௌன்ஸிலர்கள் அடங்கிய குழு ஒன்று பொதுக் கூட்டத்தில் கேள்வி கேட்பது என்று ஏற்பாடு. முதல் தேர்தலில் ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர்தான்! அந்தக் கமிஷனர் பதவியை 2028 மே மாதத்தோடு எடுத்துவிடப் போவதாக 2025 நவம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தது. பதவி போகலாம். ஆனால் கேள்வி கேட்கும் சபை இல்லாமல் போலீஸை விடக் கூடாது என்பதில் மட்டும் அங்கே இப்போது அபிப்பிராய பேதம் இல்லை.

* * *

இவ்விரண்டு கதைகளிலிருந்தும் நமக்குத் தெரிவது என்ன? போலீஸுக்கு உத்தரவிடும் அதிகாரம் கௌன்ஸிலருக்கு வேண்டாம், நாட்டிங்ஹாம் போதும். போலீஸைக் கேள்வி கேட்கும் உரிமை அவசியம் வேண்டும், பிரிக்ஸ்டன் போதும்.

நம்மிடம் இருப்பது என்ன? 1992-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி நகரசபைகளுக்குப் பதினெட்டு விஷயங்களை ஒதுக்கினார்கள். தெருவிளக்கு இருக்கிறது, மயானம் இருக்கிறது, மாட்டுப் பட்டியும் இருக்கிறது. போலீஸ் இல்லை. அது ராஜ்ய சர்க்காரின் விஷயம். ஆகவே கௌன்ஸிலர் கூப்பிட்டால் இன்ஸ்பெக்டர் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொது விஷயமாகப் பேசுவதற்குச் சட்டம் ஒரு சபையைக் காட்டவில்லை, அதனால் பேச்சு நின்றுவிட்டதா என்றால், இல்லை, டெலிபோனுக்குள் புகுந்துகொண்டது. "அந்தப் பையன் நம்ம ஆள், விட்டுவிடுங்கள்" என்பதும், "இவன்மேல் ஒரு கேஸ் போட்டு வையுங்கள்" என்பதும் அப்படிப் பேசுகிற பேச்சுத்தான். ரகசியத்தில் பேசினால் சிபாரிசு. சபையில் பேசினால் அதுவே கேள்வி. சபையை மூடி வைத்துவிட்டு, சிபாரிசு வளர்ந்துவிட்டதே என்று வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம்?

கூடிப் பேசினால் பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்கள் பம்பாய்க்கு அருகிலுள்ள பிவண்டியைப் பார்க்கலாம். 1984-ல் அந்த நெசவாளர் நகரம் ஹிந்து - முஸ்லிம் கலவரத்தில் எரிந்தது. 1988-ல் அங்கே டெபுடி கமிஷனராக வந்த சுரேஷ் கோப்டே என்னும் அதிகாரி பேட்டைக்குப் பேட்டை கமிட்டி அமைத்தார். ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு போலீஸ்காரரும் அதில் கூடி உட்கார்ந்து, சின்னச் சின்னச் சச்சரவுகளையெல்லாம் பேசினார்கள். 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் பம்பாய் பற்றி எரிந்தபோது, பிவண்டி அமைதியாக இருந்தது.

ஆனால் அது ஓர் அதிகாரியின் நல்லெண்ணத்தால் நடந்தது. நல்ல அதிகாரியை மாற்ற ஓர் உத்தரவுக் காகிதம் போதும். சட்டமாக இருந்தால்தான் அடுத்தவருக்கும் அது கடமையாகும்.

தமிழ்நாட்டில் அதற்குப் புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. 2022-ல் வெளியிட்ட விதிகளின்படி நகரங்களில் வார்டு கமிட்டிகளும் பகுதி சபைகளும் ஏற்பட்டிருக்கின்றன. வார்டு கமிட்டிக்குக் கௌன்ஸிலரே தலைவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கமிட்டிக்கு ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் வந்தே தீர வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தால் போதும். ஜனங்கள் வந்து கேட்கலாம். நடந்ததை எழுதி வைக்க வேண்டும். சொன்னதைச் செய்தார்களா என்று அடுத்த கூட்டத்தில் முதலில் பார்க்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: ஆளைப் பற்றிப் பேசக் கூடாது, தெருவைப் பற்றித்தான் பேசலாம். எந்தத் தெருவில் ரோந்து வருகிறது, எந்தத் தெருவில் வரவில்லை; கொடுத்த புகாருக்கு ரசீது கிடைக்கிறதா, இல்லையா; பெண்கள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் முனையில் போலீஸ்காரர் நிற்கிறாரா என்றெல்லாம் கேட்கலாம். "அந்தக் கேஸ் என்ன ஆயிற்று? இவனை ஏன் பிடித்தீர்?" என்று கேட்டால் தலைவர் மணியை அடித்துவிட வேண்டும்.

"கௌன்ஸிலர்களில் சிலரே ரௌடிகளாயிற்றே!" என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு டெலிபோன்தான் சௌகரியம். நூறு பேர் உட்கார்ந்திருக்கும் சபை அசௌகரியம். இன்ஸ்பெக்டருக்கும் இதில் லாபம் உண்டு. "சபையில் வந்து கேளுங்கள்" என்று சொல்லி டெலிபோனைக் கீழே வைக்க அவருக்கு ஒரு நியாயம் கிடைக்கும்.

தமிழ்நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி ஸ்தானங்கள் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் செய்தார்கள். ஸ்டேஷனில் வாய் திறக்கத் தயங்கும் ஒரு பெண், தன் வார்டுப் பெண் கௌன்ஸிலரிடம் மனம் விட்டுச் சொல்லுவாள். அதை அந்தக் கௌன்ஸிலர் எங்கே போய்ச் சொல்வது? அதற்கு ஒரு நாற்காலியும் ஒரு நாளும் குறித்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். சங்கிலியைப் பறிகொடுத்த அம்மாளுக்குச் சங்கிலி திரும்பக் கிடைக்குமோ கிடைக்காதோ, தெரியாது. அடுத்த இருட்டுக்கு முன்னால் விளக்குக்காரரும் காவற்காரரும் அந்த அம்மாளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்து பதில் சொல்லட்டும்.